குடிபூரல் கசெட்

வீடியோ கசெட்டை அரிசி மூட்டைக்குள் ஒளித்தது பிழை என்பது, செல்வமலர் அளக்கும் சுண்டை எடுத்துக்கொண்டு மூட்டையடிக்குப் போனபோதுதான் அம்பலவாணனுக்கு விளங்கியது.

"நில்லும், நில்லும். நான் அள்ளித் தாறன்" என்று பாய்ந்து போய், முழங்கைவரை அரிசிக்குள் கையை விட்டான்.

"இதென்ன புதுப் பழக்கம்? கலியாணம் கட்டின நாள்முதல் ஒரு சுண்டு அரிசி அளந்தறியாத மனிசன்."

"மனிசிக்கு ஒரு உதவி செய்யக் கூடாதோ?"

"செய்யலாம். முதல் அந்தக் கையிலை மணக்கிற பெற்றோலைக் கழுவிப்போட்டுச் செய்யுங்கோ."

அம்பலவாணனுக்குப் பெற்றோல் ஷெட்டில் வேலை. கை மணப்பது உண்மைதான். மலர் சவர்க்காரம் எடுக்கத் திரும்பிய கணத்தில் கசெட் அரிசியிலிருந்து அவனுடைய கம்பளிச் சட்டைக்குள் போனது. அங்கிருந்து அலுமாரி உச்சிக்குப் போனது.

அந்தக் கசெட்டில் இருந்தது யோகலிங்கத்தாரின் குடிபூரல். அவர்தான் இவர்களுடைய வீட்டுக்காரர். ஈஸ்ட் ஹாம் வீட்டின் மேல்தட்டை இவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, செவன் கிங்ஸில் புது வீடு வாங்கி, நல்ல நாள் பார்த்து, சாமிப் படத்தோடு உள்ளே போய்ப் பால் காய்ச்சினார். வந்தவர்கள் எல்லாருக்கும் அந்த வீடியோவில் ஒவ்வொரு கசெட் கொடுத்தார். லண்டனில் எங்கள் ஆட்கள் வீடியோக்காரன் வராமல் ஒரு வடைகூடச் சுடாத காலம் அது.

பிறகு அவருக்கு மேல்தட்டைத் தன் மச்சானுக்குக் கொடுக்கும் எண்ணம் வந்தது. வீட்டை விட்டு எழும்பச் சொன்னார். மலர் ஏலாது என்றாள். அவர் கோர்ட்டுக்குப் போனார். வீட்டுக்காரரும் அதே கட்டடத்தில் குடியிருந்தால் வாடகைக்கு இருப்பவர்களை எழுப்புவது சுலபம் என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆகவே, தான் கீழ்த்தட்டிலேயே இருப்பதாக எழுதிக் கொடுத்தார். உண்மையில் கீழ்த்தட்டில் குடியிருந்தவை அவருடைய பழைய கோட் ஒன்றும் ஒரு சோடிச் சப்பாத்தும்தான். அவையும் வழக்குப் போடுவதற்குச் சற்று முன்னர்தான் குடிவந்தவை.

மலருக்கு அந்த மேல்தட்டு சும்மா ஒரு வீடு அல்ல. லண்டனுக்கு வந்த நாளிலிருந்து வீடு வீடாக மாறி, மற்றவர்களோடு குசினியைப் பங்குபோட்டு, அடுத்தவள் சமைத்து முடியும்வரை குழைத்த புட்டுமாவோடு கதவடியில் காத்து நின்றவள். இந்த வீட்டில்தான் அவளுக்கென்று ஓர் அடுப்பு கிடைத்தது.

இலவசமாக வழக்குப் பேசிக் கொடுக்கும் நிலையம் ஒன்றில் நீலவேணி என்ற லோயர் பிள்ளை அகப்பட்டாள். கோலாலம்பூரில் பிறந்து, இங்கே படித்து, இங்கேயே தங்கிவிட்டவள்.

"அவரு செவன் கிங்ஸ்லதான் இருக்காருங்கிறதுக்கு உங்க கையில ஏதாவது இருக்கா அக்கா?"

"குடிபூரல் கசெட் இருக்கு பிள்ளை. மனிசன் தன்ரை வாயாலையே சொல்லுறார்."

"அது போதும். வீடியோவும் ஆதாரம்தான். ஆனா ஒண்ணு. ரெண்டு பக்கமும் கையில இருக்கிறத முன்னாடியே காட்டணும்னு ஜட்ஜ் தேதி குறிச்சிருக்காரு. தேதி தவறினா உங்க எதிர்வாதத்தையே வெட்டிடுவாரு. அப்புறம் நீங்க வாயே திறக்க முடியாது."

கசெட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு அம்பலவாணனுக்கு வந்தது. கொடுக்குமுன் ஒருதரம் போட்டுப் பார்ப்போமே என்று நினைத்தான். வினை அங்கேதான் தொடங்கியது.

படத்தில் யோகலிங்கத்தார் புளியங்காயைக் கடித்தவர்போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பால் பானையடியில் நின்றார். அவருடைய மனைவி கையால் முகத்தை மறைத்தார். ஐயர்கூட மற்றப் பக்கம் பார்த்துத்தான் மந்திரம் சொன்னார். ஆனால் மலர்! நீலப் பட்டுக் கட்டி, குங்குமத் தட்டத்தோடு நின்ற மலர், கமராப் பக்கம் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். பால் பொங்கும்போது சிரித்தாள். பந்தியில் சாம்பார் வாளியோடு நின்று சிரித்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். கண்ணுக்குள் ஒரு மினுக்கம் வேறு.

வீட்டில் அவள் இப்படிச் சிரித்து அவன் கண்டதில்லை. படத்தை நிறுத்தினான். பின்னுக்குச் சுற்றினான். மறுபடியும் பார்த்தான். மறுபடியும் சிரித்தாள்.

கமராவைப் பிடித்து நின்றவன் வீடியோ ராஜு. பினாங்குப் பெடியன், நெட்டையன், சுருட்டைத் தலை. பெண்கள் எல்லாரையும் "அக்கா, இப்படித் திரும்புங்க" என்று சொல்லும் சலுகை உள்ளவன்.

இதில் அம்பலவாணனின் வயிற்றை இன்னும் எரித்த சங்கதி ஒன்று உண்டு. அன்றைக்கு ராஜுவின் உதவியாள் வரவில்லை. "அண்ணே, கொஞ்சம் புடிங்க" என்று, வெள்ளை வெளிச்சம் அடிக்கும் பெரிய லைட்டை அவன் அம்பலவாணனின் கையில் கொடுத்துவிட்டான். அந்தக் 'கொஞ்சம்' பின்னேரம்வரை நீண்டது. கழுத்துப்பட்டியை முதுகுப் பக்கம் எறிந்துவிட்டு, வயர் காலில் சுற்ற, வேர்வை மூக்கால் ஒழுக, ராஜுவின் தோளுக்குப் பின்னால் லைட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றான் மனிதன். ஒரு கிழமை தோள்மூட்டுக்கு நோவெண்ணெய் போட வேண்டியிருந்தது.

'என்ரை மனிசி அவனைப் பாத்துச் சிரிக்க, அதுக்கு லைட் பிடிச்சதும் நான்!'

இந்தப் படத்தை லோயர் பார்த்து, யோகலிங்கத்தார் பார்த்து, ஜட்ஜும் பார்ப்பதா? அவன் கசெட்டை ஒளித்தான். நீலவேணி டெலிபோனில் கேட்டபோதெல்லாம் "தேடிக்கொண்டிருக்கிறன் பிள்ளை" என்றான். மலர் கேட்டபோதெல்லாம் "அது அப்பவே குடுத்தாச்சு" என்றான். இரண்டு பொய்களும் ஒன்றையொன்று சந்திக்காமல் நல்லபடியாக வாழ்ந்துகொண்டிருந்தன.

குறித்த தேதி வந்தது, போனது. ஜட்ஜ் எதிர்வாதத்தை வெட்டிவிட்டார்.

செய்தி கேட்ட மலர் கோட்டை மாட்டினாள். "வாங்கோ. அந்தப் பிள்ளையை நாலு கேள்வி கேக்கவேணும்."

"வேண்டாமப்பா. அவ பாவம், வேலை கூட, தலை நிமிர நேரமில்லை."

"எனக்கும் வேலை கூடத்தான். வீடு போனா உங்களைச் சூட்கேசுக்குள்ளை வைச்சே காவித் திரியிறது? நடவுங்கோ!"

நீலவேணியின் அறையில் மலர் உட்காரவே இல்லை.

"பிள்ளை, ஒரு கசெட்டைப் பத்திரமாய் வைச்சிருக்கத் தெரியாத நீர் என்னண்டு வீட்டைக் காப்பாத்தப் போறீர்?"

"எந்தக் கசெட் அக்கா? அண்ணன்தான் இன்னும் தேடிக்கிட்டு இருக்காரே!"

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அம்பலவாணன் பக்கம் திரும்பினார்கள். சுவரில் மாட்டியிருந்த கலண்டரை அவன் மிகவும் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பஸ்ஸிலை விட்டிட்டன்" என்றான்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் பேசுவீர் எண்டுதான்."

"இப்ப மட்டும் பேசமாட்டனோ?" என்று மலர் தொடங்கினாள். அந்தப் பேச்சை எழுதினால் இந்தக் கதை முடியாது. நீலவேணிதான் நடுவில் புகுந்தாள்.

"அக்கா, இன்னும் ஒரு வழி இருக்கு. வெட்டினத மறுபடி சேர்த்துக்கணும்னு ஜட்ஜ்கிட்ட கெஞ்சிக் கேட்கலாம். ரெண்டு விஷயம் வேணும். அந்த வீடியோ வேணும். தேதி ஏன் தவறிச்சுன்னு அண்ணன் சத்தியம் பண்ணி உண்மையைச் சொல்லணும்."

"வீடியோ ராஜுவிட்டை இன்னொரு கொப்பி இருக்கும். தங்கமான பெடியன். இவர் போய்க் கேக்கட்டும்."

தங்கமான பெடியன்! அந்தச் சொல் பச்சை மிளகாய்போல அம்பலவாணனின் தொண்டையில் நின்றது. ராஜுவிடம் போய்ப் பல்லிளிப்பதா? அதைவிடத் தன்னுடைய கசெட்டையே 'பஸ் கொம்பனி கண்டெடுத்துத் தந்தது' என்று கொண்டுவந்து கொடுக்கலாம். மலர் சிரிக்கும் இடங்களை மட்டும் அழித்துவிட்டால் போயிற்று.

மலர் வேலைக்குப் போனதும் காரியத்தைத் தொடங்கினான். வேறு படம் பதிய விடாத கசெட்டின் ஓரத்து ஓட்டையைச் செலோடேப்பால் ஒட்டினான். மலர் சிரிக்கும் இடங்களுக்கு மெஷினில் என்ன இலக்கம் ஓடுகிறது என்று குறித்துக்கொண்டான். பிறகு அந்த இலக்கங்கள் வரும்போதெல்லாம் டெலிவிஷனில் போய்க்கொண்டிருந்த மாட்டு வைத்தியர் நிகழ்ச்சியை மேலே பதிந்தான். ஒன்றை மட்டும் மறந்துபோனான்: பதியத் தொடங்குமுன் கசெட்டை அடிவரை பின்னுக்குச் சுற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இலக்கங்கள் எல்லாம் இடம் மாறிவிடும்.

போட்டுப் பார்த்தான். யோகலிங்கத்தார் சாமிப் படத்தோடு வாசல்படியில் கால் வைத்தார். உடனே ஒரு பசு கத்தியது. ஐயர் மந்திரம் தொடங்கினார். வைத்தியர் முழங்கைவரை கையுறை போட்டார். பால் பொங்க வேண்டிய இடத்தில் கன்று பிறந்தது. இதற்கு நடுவில், ஒரு மயிரிழையும் அழியாமல், மலர் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

வேறு வழியில்லை. ஹை ஸ்ட்ரீட் நோர்த்துக்குப் போனான்.

சேலைக் கடைக்கு மேலே ராஜுவின் ஸ்டூடியோ. கீழே, கடைக் கண்ணாடிக்குள், போகிறவர் வருகிறவர் பார்ப்பதற்காக ஒரு டெலிவிஷன் வைத்திருந்தான். அதற்கு முன்னால் சின்னக் கூட்டம் ஒன்று நின்றது. அம்பலவாணனும் எட்டிப் பார்த்தான்.

கண்ணாடிக்குள் அவனுடைய மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வடிவாச் சிரிக்குது, பாருங்கோ" என்றார் மரக்கறிப் பையோடு நின்ற ஒருவர். "இதைக் கட்டினவன் குடுத்துவைச்சவன்."

"உங்களுக்கு வேற வேலை இல்லையோ?" என்று அம்பலவாணன் சீறினான். அந்த மனிதர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விலகினார்.

மேலே ராஜு கையை விரித்து வரவேற்றான். "வாங்கண்ணே! அக்கா சௌக்கியமா?"

"அதை ஏன் நீர் கேக்கிறீர்?"

"சும்மாதாண்ணே. கீழ பாத்தீங்களா? அக்கா சிரிக்கிறத போட்டதுல இருந்து ரெண்டு கல்யாணம், ஒரு சடங்கு புக் ஆயிடுச்சு."

"எடும் அதை! இப்பவே எடும்!"

"எடுத்துடுறேன், எடுத்துடுறேன். கோவப்படாதீங்க. உங்களுக்கு முழு காப்பியே போட்டுத் தரேன். ஆமா, சனிக்கிழமை ஒரு வேலை இருக்கு, லைட் புடிக்க வர்றீங்களா? உங்கள மாதிரி எவனும் புடிக்கலண்ணே. அன்னைக்கு வந்த கலர், அதுக்கப்புறம் வரவே இல்ல."

"லைட்டோ? உம்மடை தலையிலைதான் போடுவன்!"

கொப்பியைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினான். முழுக் கொப்பி என்றால் முழுக் கொப்பிதான். முதல் கசெட்டில் ராஜு வெட்டியெறிந்த சிரிப்புகளும் இதில் இருந்தன.

கோர்ட்டுக்குப் போகும் காலையில் மலர் பேசாமல் தோசை சுட்டாள். சுட்டு முடித்ததும் அடுப்பை இரண்டுதரம் துடைத்தாள். அதைக் கண்ட அம்பலவாணன் கசெட் ஒளித்திருந்த அலுமாரி உச்சியை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான். ஆனாலும் 'பஸ்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டான்.

கவுண்டி கோர்ட்டில் சின்ன அறை. மேசைக்குப் பின்னால் நரைத்த ஜட்ஜ். ஒரு பக்கம் யோகலிங்கத்தாரும் அவருடைய லோயரும், மறு பக்கம் நீலவேணி. ஆட்களைக் கூப்பிட்டு, சத்தியம் செய்விக்கும் வேலைக்கு, கறுப்பு அங்கி போட்ட பருத்த ஜமெய்க்கா அம்மா ஒருத்தி. அவளேதான் டெலிவிஷனையும் வீடியோ மெஷினையும் சில்லு வைத்த மேசையில் தள்ளிக்கொண்டு வந்தாள். தமிழில் சொல்வதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளரும் இருந்தார்.

அந்த அம்மா வெள்ளைத் துணியில் சுற்றிய பகவத்கீதையை நீட்டினாள்.

அம்பலவாணனின் மனம் வேகமாகக் கணக்குப் போட்டது. கீதை என்றால் கிருஷ்ணர். நாங்கள் பரம்பரையாகச் சைவம். இதில் ஒரு சின்னப் பொய் சொன்னால் பெரிதாக ஒன்றும்...

"பொறுங்கோ!" என்று மலர் பின்வரிசையிலிருந்து எழுந்தாள். கைப்பையைத் திறந்து, திருநீறு படிந்த தேவாரப் புத்தகத்தை எடுத்தாள். "நாங்கள் சைவக்காரர். இவர் இதைப் பிடிச்சுச் சொன்னாத்தான் கோர்ட்டுக்கும் மரியாதை, எங்களுக்கும் மனசு ஆறும்."

மொழிபெயர்ப்பாளர் அதை ஜட்ஜுக்குச் சொன்னார். ஜட்ஜ் தலையை அசைத்தார். புத்தகம் அம்பலவாணனின் கைக்கு வந்தது. அட்டையில் இருந்த பிள்ளையார் அவனையே பார்த்தார்.

"ஏன் கசெட்டை நேரத்துக்குக் கொடுக்கவில்லை?" என்று ஜட்ஜ் கேட்டார்.

"ப..." என்றான் அம்பலவாணன். பஸ் வரவில்லை. வேர்வைதான் வந்தது. "பொறாமை, ஐயா."

மொழிபெயர்ப்பாளர் அவனை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் அதை இங்கிலீஷில் சொன்னார்.

"யார்மேல்?"

"வீடியோக்காரன்மேலை. என்ரை மனிசி படம் முழுக்க அவனைப் பாத்துச் சிரிக்கிறா. வீட்டிலை அப்பிடிச் சிரிச்சதில்லை. அதை ஊரார் பாக்கக் கூடாதெண்டு ஒளிச்சன். பஸ் எண்டது பொய்."

யோகலிங்கத்தாரின் லோயர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். மலரின் முகம் அடுப்புக்கல்போல அசையாமல் இருந்தது.

"போடுங்கள், பார்ப்போம்" என்றார் ஜட்ஜ்.

படம் ஓடியது. சாமிப் படம் வந்தது, நிறைகுடம் வந்தது, பால் பொங்கியது. மலர் சிரித்தாள். அம்பலவாணன் நிலத்தைப் பார்த்தான். பிறகு யோகலிங்கத்தார் வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கமராவுக்குச் சொன்னார்: "இனி எங்களுக்கு இதுதான் வீடு. ஈஸ்ட் ஹாமிலை என்ரை செருப்புக்கூட இல்லை."

அதை மொழிபெயர்த்ததும் ஜட்ஜ் யோகலிங்கத்தார் பக்கம் திரும்பினார்.

"இந்தக் கசெட் உங்களிடமும் இருக்கிறதா?"

"ஏன் இல்லாமல்? எடுப்பிச்சதே நான்தான். வந்த எல்லாருக்கும் நான்தானே குடுத்தனான்!" என்று யோகலிங்கத்தார் பெருமையோடு தொடங்கினார். அவருடைய லோயர் கோட்டைப் பிடித்து இழுப்பதற்குள் வாக்கியம் முடிந்துவிட்டது.

"அப்படியானால் நீங்களும் காட்டியிருக்க வேண்டும், காட்டவில்லை" என்றார் ஜட்ஜ். பிறகு அம்பலவாணனைப் பார்த்தார். "நீங்கள் சொன்ன காரணம் நல்ல காரணம் அல்ல. மிகவும் முட்டாள்தனமான காரணம். ஆனால் உண்மையானது. படத்தில் இருப்பதோ வழக்கின் உயிர்நாடி. மறு பக்கத்துக்கு இது புதிதும் அல்ல. ஆகவே தண்டனையை நீக்குகிறேன். உங்கள் எதிர்வாதம் மறுபடியும் உயிர்பெறுகிறது."

நீலவேணி மலரின் கையைப் பிடித்தாள். யோகலிங்கத்தார் வெளியே போகும்போது, "தம்பி, மச்சானுக்கு வேற இடம் பாக்கலாம். ஆறுதலாக் கதைப்பம்" என்று அம்பலவாணனின் காதில் சொல்லிவிட்டுப் போனார்.

வீடு தப்பியது. அம்பலவாணனுக்கு மூச்சு வந்தது. ஆனால் முழு மூச்சு வரவில்லை. மலர் தேவாரப் புத்தகத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றான்.

"இஞ்சருமப்பா. இவ்வளவு தூரம் வந்திட்டுது, கேக்கிறன். ராஜுவைப் பாத்து ஏன் அப்பிடிச் சிரிச்சனீர்?"

"ராஜுவையோ?" மலர் நிமிர்ந்தாள். அவளுடைய உதடு ஒரு பக்கமாகத் துடித்தது. "அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கமராவுக்குப் பின்னாலை நிண்டவன். அவன்ரை மூஞ்சையை ஆர் கண்டது?"

"அப்ப?"

"வீட்டை வாங்கோ, சொல்லுறன்."

அப்ப இன்னொருத்தனா? அம்பலவாணன் அன்றைக்கு வந்திருந்த ஆண்களை ஒவ்வொருவராக மனதுக்குள் நிறுத்திப் பார்த்தான். பந்தியில் வடை பரிமாறிய குலசேகரமா? அவனுக்கு மீசைகூட ஒழுங்காக இல்லையே!

வீடியோ மெஷினின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த ஜமெய்க்கா அம்மா, ஒருதரம் மலரையும் ஒருதரம் அவனையும் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"ஏனப்பா, அந்தப் படத்தில் எல்லோரும் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதென்று முகத்தைத் திருப்புகிறார்கள், உன் மனைவி மட்டும் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் அதையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாளே, அந்த லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற கொடுத்துவைத்தவன் யார்?"